கப்பல் டூர் போகலாமா? போஸ்டர் விலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க!



போன ஜூன் மாசம், சின்னமனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். சென்னையில் ஐடி கம்பெனி வேலை. கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பெரிய கப்பல், மேல்தளத்தில் நீச்சல் குளம், கீழே கொட்டை எழுத்தில் "ஒருவருக்கு 25,000 மட்டுமே". கூடவே ஒரு மெசேஜ்:

"அண்ணே, அப்பாவுக்கு இந்த வருஷம் 60 முடியுது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல்ல போலாம்னு இருக்கேன். மூணு பேருக்கு 75,000 ஆகுது. 12 மாச இஎம்ஐ போட்டுறவா?"

நான் உடனே "போடாதீங்க"ன்னு சொல்லலை. ஏன்னா ஆசை நல்ல ஆசை. வயல்லயே காலம் கழிச்ச அப்பா அம்மாவுக்குக் கடலைக் காட்டணும்னு நினைக்கிற பையனை நாம தடுக்கக் கூடாது. ஆனா அந்த 75,000-ங்கிற நம்பர் தப்பு. அது எவ்வளவு தப்புன்னு அவரோட சேர்ந்து உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. நீங்களும் கிரூஸ் டூர் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தா, கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

இன்னொரு விஷயத்தையும் ஒத்துக்கிறேன். நானே 28 வயசுல சிங்கப்பூர்ல ஒரு கிரூஸ் போய்ச் சூடு பட்டவன். நண்பர்கள் மூணு பேர் போனோம். அவங்க ரெண்டு பேரும் ஒரே கேபின், நான் தனி கேபின். "தனியா தங்கினா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு"ன்னு பில் வந்தப்பதான் தெரிஞ்சது. போதாததுக்கு, கப்பல் ஏறினதும் போனை ஃப்ளைட் மோடில் போடாம விட்டுட்டேன். நடுக்கடல்ல கப்பலோட சொந்த நெட்வொர்க்கில் போன் தானா கனெக்ட் ஆகி, ரோமிங் பில் தனியா வந்தது. எல்லாமே கிரெடிட் கார்டு. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர், மூணு மாசம் மினிமம் டியூ கட்டினேன்! அந்தப் பாடமும் இதுல இருக்கு.

படி 1: யார் போறாங்க? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?

பட்ஜெட்டுக்கு முன்னாடி இந்தக் கேள்வி. தம்பிகிட்ட நான் முதல்ல கேட்டது, "அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸ் அண்ணே, கேட்கலை"ன்னார்.

"சும்மா பேச்சு வாக்கில கேளுங்க"ன்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு போன் வந்தது. அப்பா சொன்னாராம்: "நாலஞ்சு நாள் தண்ணியையே பார்த்துக்கிட்டு நான் என்னடா பண்றது? வயலுக்கு யார் தண்ணி பாய்ச்சுவா? ரெண்டு நாள்னா வர்றேன்." அம்மா சொன்னது வேற: "ஒரே ஒரு ராத்திரி தண்ணி மேல தூங்கிப் பார்க்கணும்னு சின்னப் பிள்ளையில இருந்து ஆசை."

பாருங்க, ரெண்டு வாக்கியத்துல பாதி முடிவு ஆயிடுச்சு. அப்பாவுக்கு ரெண்டு நாள்தான் வசதி. அம்மாவுக்குத் தண்ணி மேல ஒரு ராத்திரி வேணும். நீச்சல் குளமோ, ராத்திரி டான்ஸ் ஷோவோ ரெண்டு பேருமே கேட்கலை. அதைக் கேட்டது யார்? நம்ம தம்பிதான். இதில் தப்பே இல்லை. ஆனா நமக்குப் பிடிச்சதை அப்பா அம்மா பேர்ல வாங்கறோமான்னு ஒரு தடவை யோசிக்கணும்.

நீங்க எழுதி வெச்சுக்க வேண்டியது நாலே கேள்வி:

1. எத்தனை பேர், என்ன வயசு? கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளை ஏத்திக்கிறதுக்குக் கப்பல் கம்பெனிகள் வரம்பு வெச்சிருப்பாங்க.
2. கப்பல் முக்கியமா, போற ஊர் முக்கியமா? பெரிய கிரூஸில் கப்பல்தான் டூரே. ஊர்ல இறங்கி நிக்கிறது சில மணி நேரம்தான்.
3. எத்தனை நாள் லீவு இருக்கு? 45,000 சம்பளத்தில் ஒரு நாள் லாஸ் ஆஃப் பே போனா 1,500 ரூபாய். அதுவும் டூர் செலவுதான்.
4. சாப்பாடு, அலை, தலைச்சுற்றல் இதெல்லாம் ஒத்துக்குமா?

படி 2: நம்ம ஊரிலிருந்து என்னென்ன வழி இருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவங்களுக்குக் கடல் தூரம்தான். ஆனா தண்ணி நமக்குப் புதுசு இல்லை. நம்ம வயலுக்கு வர்ற முல்லைப் பெரியாறு தண்ணி நிக்கிற அதே ஏரியில்தான் தேக்கடிப் படகே ஓடுது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடிச்ச அணையால் உருவான ஏரி அது. அங்கிருந்து ஆரம்பிச்சு, செலவு ஏறும் வரிசையில் சொல்றேன்.

தேக்கடி: அரை நாள். "படகுப் பயணம் நமக்குப் பிடிக்குமா"ன்னு சோதிச்சுப் பார்க்க இதைவிடச் சின்னச் செலவு கிடையாது.

ஆலப்புழை: குமுளி, கோட்டயம் வழியா காலையில் கிளம்பினா மதியம் போயிடலாம். ஒரு ராத்திரி ஹவுஸ்போட். சாப்பாடு படகிலேயே சமைச்சுத் தருவாங்க. வேம்பநாட்டுக் காயலில் அலை கிடையாது, அதனால் வயசானவங்களுக்கு ஏத்தது. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் ஹவுஸ்போட் ஓடாது. மீனவர்கள் வலை விரிக்கிற நேரம், அதனால கரையோரம் கட்டிடுவாங்க. "24 மணி நேரப் பயணம்"னு விளம்பரத்தில் இருந்தாலும் அவ்வளவு நேரமும் படகு ஓடாது. ஹவுஸ்போட் கட்டுப்படி ஆகலைன்னா, கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் பயணிகள் படகே இருக்கு. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் அதே காயலை நூறு ரூபாய்க்கும் கீழே பார்த்துட்டு வரலாம்.

கொச்சி: கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிக் கழகம் நடத்தும் 'நெஃபர்டிட்டி' கப்பல். எகிப்து பாணி அலங்காரம், 200 பேர் போகலாம். சில மணி நேரம் அரபிக் கடலுக்குள் போய்த் திரும்பும். ராத்திரி தங்கல் கிடையாது. நண்பர்கள் கூட்டத்துக்கும், "கடலுக்குள்ள போய்ப் பார்க்கணும்"ங்கிறவங்களுக்கும் நல்லது.

கொச்சி - லட்சத்தீவு: 'எம்.வி. கவரத்தி' கப்பலில் 'சமுத்திரம்' பேக்கேஜ். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள், ராத்திரி கப்பலில் தூக்கம். இது ஆடம்பரக் கப்பல் இல்லை, தீவுக்காரங்களும் பயணம் பண்ற கப்பல். பவளப் பாறை, நீச்சல், அமைதி பிடிச்சவங்களுக்குப் பொருந்தும். நுழைவு அனுமதி வாங்கணும். தேதி அறிவிச்சிருக்காங்களான்னு பார்த்துட்டு லீவு போடுங்க.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை: இது கிரூஸ் இல்லை, பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளில் நின்னு, 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' கப்பலோட மறுபடி ஆரம்பிச்சது. சுமார் 110 கி.மீ., நாலு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணம் பார்க்கணும்ங்கிற ஆசை இருந்து, கப்பலில் ஆட்டம் பாட்டம் தேவையில்லைன்னா இதுதான் சிக்கனம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படும். பாஸ்போர்ட் கட்டாயம்.

சென்னை: தம்பி காட்டின மாதிரியான டூர் இதுதான். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல், 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் கொடியசைக்க சென்னையிலிருந்து முதல் பயணம் போனது. 2023 ஜூன் 5-ல் இலங்கைப் பயணம் தொடங்கி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு போனது. 1990-ல் கட்டின கப்பல், 11 தளம், சுமார் 1,800 பேர் போகலாம். வருஷம் முழுக்க சென்னையில் இருக்காது, சீசனுக்குத்தான் வரும். பெரிய கப்பல் அனுபவம்தான் வேணும், ஊர் சுத்தறது ரெண்டாம் பட்சம்ங்கிறவங்களுக்கு இது.

சிங்கப்பூர்: ராயல் கரீபியன், ரிசார்ட்ஸ் வேர்ல்டு மாதிரி கம்பெனிகளின் பெரிய கப்பல்கள். விமான டிக்கெட், விசா, சிங்கப்பூரில் ஒரு ராத்திரி எல்லாம் சேரும். சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறித் திரும்ப அங்கேயே இறங்கினா, அது ரெண்டாவது நுழைவு. அதனால மல்டிபிள் என்ட்ரி விசா வேணும். ஏஜென்ட்கிட்ட இதை எழுத்தில் கேட்டு வாங்குங்க.

படி 3: போஸ்டர் விலை வேற, வீட்டு வாசல் விலை வேற

இப்போ தம்பியோட கணக்கு. நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான்: உங்க வீட்டு வாசலில் செருப்பு மாட்டினதிலிருந்து, திரும்பி வந்து அதே வாசலில் செருப்பைக் கழட்டுற வரைக்கும் ஆகிற மொத்தச் செலவுதான் டூர் விலை. கீழே இருக்கிற தொகைகள் புரிஞ்சுக்கறதுக்காக ரவுண்டா போட்டது. உங்க தேதிக்கு, உங்க கோட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க.

கப்பல் கட்டணம், 3 × 25,000: 75,000
துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, 3 × 5,000: 15,000
டிசிஎஸ், 90,000-க்கு 5%: 4,500
இலங்கையில் இறங்கி ஊர் சுத்த, 3 × 3,000: 9,000
சின்னமனூர் - சென்னை போக வர, முந்தின நாள் ரூம்: 8,000
அப்பா அம்மா பாஸ்போர்ட், 2 × 1,500: 3,000
பயணக் காப்பீடு, விசா: 4,500
கப்பலுக்குள் வைஃபை, போட்டோ, கூடுதல் சாப்பாடு: 6,000

மொத்தம்: 1,25,000 ரூபாய்.

75,000-ன்னு நினைச்சது 50,000 ரூபாய் ஏறிடுச்சு. 45,000 சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட 2.8 மாசச் சம்பளம். இதில் எதுவுமே ஆடம்பரம் இல்லை, கவனிங்க. யாரும் தனியா சரக்கு பேக்கேஜ் வாங்கலை, பால்கனி கேபின் எடுக்கலை.

சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

"ஒருவருக்கு 25,000"ன்னா, ஒரு கேபினில் ரெண்டு பேர் தங்கினா ஒருவருக்கு ஆகிற விலை. தனியா போனா ரெண்டு பேர் காசு வரைக்கும் கேட்பாங்க. மூணாவது ஆளுக்கு அதே கேபினில் படுக்கை இருக்கா, அதுக்கு என்ன விலைன்னு தனியா கேளுங்க.

போஸ்டரில் இருக்கிறது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் கேபின். அதுக்கு மேல கடல் தெரியும் ஜன்னல், பால்கனி, சூட். நாள் முழுக்க மேல்தளத்தில் சுத்தப் போறீங்கன்னா உள் கேபினே போதும், தூங்கத்தானே போறீங்க. தலைச்சுற்றல் பயம் இருந்தா, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்க. அங்கே ஆட்டம் கம்மி. இதுக்குக் காசு அதிகம் ஆகாது, வாயைத் திறந்து கேட்டாப் போதும்.

முந்தின நாளே ரூம் எதுக்குன்னு தம்பி கேட்டார். போடி - சென்னை ரயில் வாரத்துக்கு மூணு நாள்தான். பஸ் லேட் ஆகலாம். பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் இருக்கு. கப்பலை விட்டா டிக்கெட் காசு மொத்தமும் கடல்ல போட்ட மாதிரிதான். அந்த ஒரு ராத்திரி ரூம் வாடகை உங்க 75,000-க்கு எடுக்கிற இன்சூரன்ஸ்.

படி 4: வரி விஷயம் (இதை ஸ்கிப் பண்ணாதீங்க)

முதல்ல டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா, விற்கிறவர் உங்ககிட்ட வரியை முன்கூட்டியே வசூல் பண்ணி உங்க பான் நம்பரில் கட்டுவார். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%-ன்னு இருந்தது. இலங்கை போற கிரூஸும் வெளிநாட்டு பேக்கேஜ்தான். இந்தியாவுக்குள்ளேயே முடியற பயணத்துக்கு இது கிடையாது. வெறும் போக்குவரத்து டிக்கெட் மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ் ஆகாதுன்னு வரித்துறையே 2023-ல் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கு. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அதனால புக் பண்ற தேதியில் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இது உங்க பணம். திரும்ப வரும். ஆனா தானா வராது.

உங்க சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கிறாங்கன்னா, இந்த டிசிஎஸ் தொகையைக் காட்டுற ஃபார்மை ஹெச்ஆர்கிட்ட கொடுங்க. அந்த அளவுக்கு மாசாமாசம் பிடிக்கிற வரியைக் குறைச்சுப்பாங்க. 2024 அக்டோபரில் வந்த வசதி இது, பல பேருக்குத் தெரியாது.

நம்ம தம்பி மாதிரி இருந்தா? 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. அவருக்கு டிடிஎஸ்ஸே கிடையாது, அப்புறம் எதில் கழிக்கிறது? ஐடிஆர் தாக்கல் பண்ணி ரீஃபண்ட் வாங்கறதுதான் வழி. "எனக்குத்தான் வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு சும்மா இருந்தா 4,500 போச்சு. கடைக்காரர்கிட்ட டிசிஎஸ் சான்றிதழ் வாங்கி வைங்க, உங்க வரிக் கணக்கில் ஏறியிருக்கான்னு பாருங்க. பணம் கட்டறவர் பேரில்தான் கிரெடிட் வரும், அதனால யார் பான் கொடுக்கறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க.

அடுத்தது எல்டிஏ. "கிரூஸ் டிக்கெட்டை எல்டிஏ-வில் காட்டலாமா சார்"னு நிறைய பேர் கேட்கறீங்க. மூணு விஷயம். ஒண்ணு, புதிய வரி முறையில் எல்டிஏ விலக்கே கிடையாது. ரெண்டு, பழைய முறையிலும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான், தங்கறது, சாப்பாடு, பொழுதுபோக்கு சேராது. கிரூஸ் கட்டணம் இதெல்லாம் கலந்த சாம்பார். மூணு, இந்தியாவுக்குள் போற பயணத்துக்கு மட்டும்தான். இதுல ஒரு பிரபலமான வழக்கு இருக்கு. எஸ்பிஐ ஊழியர் டெல்லியிலிருந்து நம்ம மதுரை வந்து, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் சுத்திட்டு டெல்லி திரும்பினார். "உள்நாட்டுப் பகுதிக்கான கட்டணம்தானே கொடுத்தோம்"னு வங்கி வாதாடியது. 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கலை. நடுவில் வெளிநாடு வந்தா எல்டிசி விலக்கு இல்லைன்னு தீர்ப்பு. அதனால இலங்கைக் கிரூஸ் பில்லை ஹெச்ஆர்கிட்ட கொடுத்துட்டு அப்புறம் நோட்டீஸுக்குப் பதில் எழுதாதீங்க.

படி 5: பணம் எங்கிருந்து வருது?

தம்பி கேட்ட இஎம்ஐ கணக்குக்கு வருவோம். 1,25,000 ரூபாய் பர்சனல் லோன், 14% வட்டி, 12 மாசம்னு வைங்க. மாசம் சுமார் 11,220 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 9,700. பிராசசிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 2,950. ஆக 12,600 ரூபாய்க்கு மேல கூடுதல். கப்பலை விட்டு இறங்கி 11 மாசம் கழிச்சும் சம்பளத்தில் கால் பங்கு அந்த நாலு ராத்திரிக்குப் போய்க்கிட்டே இருக்கும். கிரெடிட் கார்டில் போட்டு மினிமம் டியூ கட்டினா, வட்டி வருஷத்துக்கு 40% பக்கம் வந்துடும். நான் கட்டியிருக்கேன், சொல்றேன், வேண்டாம்.

அதையே திருப்பிப் போடுங்க. மாசம் 8,000, 15 மாசம், 6.5% வட்டியில் ஒரு ஆர்டி. கட்டினது 1,20,000, வட்டி சுமார் 5,200. கையில் 1,25,200. அதே கப்பல், அதே கேபின். வட்டி கொடுக்கிறதுக்குப் பதிலா வாங்கறீங்க. விலை பொறுமைக்கு மட்டும்தான்.

நான் வெச்சிருக்கிற விதி ரெண்டு. இது சட்டம் இல்லை, என் அனுபவம்:

1. அவசர நிதியா குறைஞ்சது மூணு மாசச் செலவுப் பணம் தனியா இல்லாதவங்க, லோன் போட்டு டூர் போகக் கூடாது. தம்பியோட சேவிங்ஸில் அப்போ இருந்தது 31,000. அதே மாசம் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு ஒண்ணு வந்திருந்தா? 60 வயசு அப்பாவுக்குப் பையன் கொடுக்க வேண்டிய முதல் பரிசு அந்த நிதிதான்.
2. சேர்த்து வைக்காம உடனே போற டூர்னா, வீட்டு வாசல் விலை அரை மாசக் கைச் சம்பளத்துக்குள் இருக்கணும். அதைத் தாண்டினா ஆர்டி போட்டுட்டு காத்திருங்க.

படி 6: காசு கட்டறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

விலையில் என்னென்ன சேர்த்தி, என்னென்ன சேராது? எழுத்தில் வாங்குங்க. வாட்ஸ்அப் போதும், வாய்ப்பேச்சு போதாது.

ரத்து பண்ணா எவ்வளவு திரும்ப வரும்? தேதி நெருங்க நெருங்க பிடித்தம் ஏறும். கடைசி நாட்களில் பூஜ்யம்தான்.

கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகலைன்னா? வழித்தடத்தை மாத்தற உரிமை கப்பல் கம்பெனிக்கு உண்டுன்னு நிபந்தனைகளில் இருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பலுக்கே புதுச்சேரி அரசு அனுமதி தரலை. ஒரே ஒரு ஊரைப் பார்க்கறதுக்காக மட்டும் கிரூஸ் எடுக்காதீங்க.

சைவச் சாப்பாடு, வீல்சேர், டாக்டர் வசதி? கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனா பில் தனி. அதனாலதான் காப்பீடு.

ஹவுஸ்போட்னா: லைசென்ஸ் இருக்கா, எத்தனை பேருக்கு அனுமதி, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீங்க. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம்ம பள்ளத்தாக்குக்காரங்க மறக்க முடியாது. ஜாக்கெட் இல்லைன்னா அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, ஏறாதீங்க.

கடைசியா, கப்பல் கிளம்பினதும் போன் ஃப்ளைட் மோடில்!

தம்பி என்ன பண்ணார்?

இஎம்ஐ போடலை. நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா அம்மாவோட ஆலப்புழை போனார். வார நாள்ங்கிறதால ரெண்டு ரூம் ஹவுஸ்போட் சாப்பாட்டோட 12,500-க்குக் கிடைச்சது. பஸ், ஆட்டோ 3,000. வழிச்செலவு 2,000. படகுக்காரங்களுக்கு அன்பளிப்பு 500. மொத்தம் 18,000. அவர் சம்பளத்தில் 40%. இஎம்ஐ பூஜ்யம்.

அவர் அனுப்பின போட்டோவில் அம்மா படகு முனையில் உட்கார்ந்திருக்காங்க. அப்பா போட்டோவிலேயே இல்லை. "எங்கப்பா அவர்?"னு கேட்டேன்.

அவர் படகோட்டியைப் பிடிச்சுக்கிட்டு வயல் பார்க்கப் போயிட்டாராம். குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் வயல் இருக்கு. விதைக்கறதுக்கு முன்னாடி வயலில் நிக்கிற தண்ணியை மோட்டார் வெச்சு இறைச்சு வாய்க்காலுக்கு வெளியேத்துவாங்க. அவங்க போன நேரம் அந்த வேலை நடந்துக்கிட்டு இருந்தது. வாழ்நாள் முழுக்க வயலுக்குத் தண்ணி எப்போ வரும்னு பெரியாத்தைப் பார்த்து உட்கார்ந்த மனுஷன், வயலிலிருந்து தண்ணியை வெளியே தள்ளறதைப் பார்த்துட்டு அசந்து போயிட்டார். "இப்படியும் ஒரு ஊர் விவசாயம் பண்ணுதாடா"ன்னு ராத்திரி பூரா அதே பேச்சாம். ஒரு மாசமா ஊரில் டீக்கடையிலும் அதே பேச்சு.

அந்தப் பெரிய கப்பலில் இது கிடைச்சிருக்காது. 1,25,000 கொடுத்திருந்தாலும் கிடைச்சிருக்காது. செலவைக் குறைச்சது ஒரு பக்கம். அதைவிடப் பெருசு, அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போனது.

அம்மாவுக்குத்தான் இன்னும் ஆசை தீரலையாம். "படகு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இது ஆடவே இல்லையே!"ன்னு சொல்லியிருக்காங்க. அதனால தம்பி இப்போ மாசம் 5,500-க்கு ஒரு ஆர்டி போட்டிருக்கார். அம்மாவும் அவரும் மட்டும். நாங்க போட்ட வாசல் விலை 83,500. 15 மாசத்தில் சுமார் 86,000 கைக்கு வரும். சீசன் பார்த்து, அவசர நிதியைத் தொடாம, கடன் இல்லாம பெரிய கப்பல் ஏறுவாங்க. அப்பா அந்த வாரம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நிம்மதியா ஊரில் இருப்பார்.

உங்களுக்கு இப்போ ஒரு வீட்டுப்பாடம். ஒரு வெள்ளைத் தாளை எடுங்க. மேல யார் போறாங்க, என்ன பிடிக்கும்னு எழுதுங்க. நடுவில் வாசல் விலைக் கணக்கைப் போடுங்க. கீழே அதை உங்க மாசச் சம்பளத்தால் வகுங்க. வர்ற நம்பரைக் கமெண்ட்டில் போடுங்க, ஒண்ணுக்கு மேல இருந்தா எத்தனை மாச ஆர்டி வேணும்னு சேர்ந்து கணக்குப் போடுவோம். இந்தக் கணக்கை எக்செல்லில் போடறது எப்படின்னு நம்ம சேனலில் அடுத்த வீடியோவில் காட்டறேன்.

டூர் போங்க, நல்லா போங்க. திரும்பி வரும்போது போட்டோவோட வாங்க, கடனோட வராதீங்க!